பிடுங்கினால் கூப்பிடுவான்

எங்கள் கல்லூரி வளாகத்தில் எந்த நெட் கேபிள் எங்கே போகிறது என்று எந்தக் கடவுளுக்கும் தெரியாது. இழுத்தவர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். ஒட்டிய சீட்டுகள் காய்ந்து உதிர்ந்துவிட்டன. ஆகவே எங்கள் பிரிவில் ஒரே ஒரு வைத்தியம்தான். சந்தேகமான கேபிளைப் பிடுங்கிவிட்டு டெலிபோன் பக்கத்தில் உட்கார வேண்டும். எவர் கூப்பிட்டுக் கத்துகிறாரோ, கேபிள் அவருடையது. ஒருவரும் கத்தவில்லை என்றால் அது செத்த கேபிள், சுருட்டிப் போட்டுவிடலாம். இத்தனை படித்துவிட்டு இப்படியா பிழைப்பு நடத்துவது என்று எனக்கே எரிச்சலாக வரும். ஆனாலும் வேலை நடக்கிறது.

கொஞ்ச நாளாக நூலகத்தில் தினமும் மதியம் இணைப்பு அறுந்துகொண்டிருந்தது. நூலகமும் பழைய கட்டடமும் ஒரே நெட்வொர்க் சுவிட்சில் தொங்குகின்றன. அந்தப் பெட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் அறையில் இருக்கிறது. பழைய கட்டடத்துக் கேபிளைத் தொட்டாலே போதும், பெட்டி மொத்தமும் கொஞ்ச நேரம் செத்துப் பிழைக்கும். முனைகளை மாற்றினேன், மின்சாரத்தைச் சோதித்தேன், பெட்டியையே கெஞ்சிப் பார்த்தேன். நூலகத்தில் என்னைக் கிழிகிழி என்று கிழித்தார்கள்.

மேலதிகாரி அலட்டிக்கொள்ளவில்லை. "நாளைக்குப் பழைய கட்டடத்து லைனை வெட்டி விட்டுடு. அங்க யாரு இருக்கா? பூட்டி வருஷக்கணக்காச்சு."

"யாரும் இல்லையா? அங்கேர்ந்து ஒருத்தன் தினமும் என் உயிரை வாங்குறான் சார்."

"எந்த ரூமுன்னு போய்ப் பாத்துட்டு வா," என்று சொல்லி அவர் கைகழுவிவிட்டார்.

அவன் ஒரு ஆராய்ச்சி மாணவன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்காருகிற அக்காதான் அவனுடைய அழைப்பை எனக்குத் தருவாள். "மேடம், தீசிஸை நெட்டுல ஏத்திட்டிருக்கேன். முடியப்போற நேரத்துல அறுந்துடுது. திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இன்னைக்குத்தான் மேடம் கடைசி நாள்," என்பான். நேற்றும் அதையேதான் சொன்னான், போன வாரமும் அதையேதான் சொன்னான். மாணவர்கள் விடுகிற வழக்கமான கதை என்று விட்டுவிட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. அவன் பேசும்போது பின்னால் மழை கொட்டுகிற சத்தம் கேட்கும். என் ஜன்னலில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்.

காவல்காரர் சாவிக்கொத்துடன் வந்தார். மாடியில் கடைசி அறை. பூட்டு துருவேறி, எண்ணெய் விட்டுத்தான் திறந்தது. உள்ளே ஒரு மேசை, ஒரு நாற்காலி. கணினி இல்லை. சுவரிலிருந்து தொங்கிய கேபிளின் முனையை எலி கடித்துத் தின்றிருந்தது. மேசைமேல் ஒரு டெலிபோன், அதன் ஒயர் எங்கும் போகவில்லை. எல்லாவற்றின்மேலும் விரல் புதையும் தூசி. நாற்காலியில் மட்டும் தூசி இல்லை.

"இங்க யாரு வராங்க?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யாரும்மா வருவா? ஆராய்ச்சி பண்ணிட்டிருந்த பையனோட ரூம் இது. கடைசி நாள், பேய் மழை. நெட்டு அறுந்து அறுந்து வந்துச்சாம். நானே பாத்துக்கறேன்னு சுவத்துல இருந்த கரண்ட் பெட்டியைத் தொட்டிருக்கான். ஈரக்கை. அவ்வளவுதான்." காவல்காரர் உச்சுக் கொட்டினார். "ஒரே புள்ள. அவன் அம்மா மேல பரிதாபப்பட்டு இங்கயே வேலை போட்டுக் குடுத்தாங்க. எக்ஸ்சேஞ்சுல உக்காந்திருக்காங்களே, அவங்கதான்."

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பயம் உண்டு. படிகளில் எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எக்ஸ்சேஞ்ச் கதவைத் தள்ளினேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவிட்சின் முன் நின்றிருந்தாள். பழைய கட்டடத்துக் கேபிள் அவள் கையில் இருந்தது, பிடுங்கிய நிலையில். பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்தன. அவள் கேபிள் முனையோடு வந்து உட்கார்ந்து, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, காதில் கருவியை மாட்டினாள். உடனே டெலிபோன் பலகை கிர்ரென்றது.

"எக்ஸ்சேஞ்ச்," என்றாள், கட்டையான அலுவலகக் குரலில்.

ஸ்பீக்கரில் மழை. "மேடம், மறுபடியும் அறுந்துடுச்சு மேடம்."

"அப்படியா சார்? சொல்லி வைக்கிறேன். சாப்ட்டீங்களா சார்?"

"இல்ல மேடம். முடிச்சுட்டுத்தான்."

"உடம்பு முக்கியம் சார்."

அவன் வைத்துவிட்டான். அவள் முகம் விளக்கேற்றின மாதிரி இருந்தது. திரும்பியவள் என்னைப் பார்த்தாள்.

பயத்தை மீறிக் கோபம் வந்தது எனக்கு. "நீங்கதானா? ஊரெல்லாம் என்னைத் திட்டுது, எல்லாம் உங்க வேலைதானா?"

அவள் மறுக்கவில்லை. "பிடுங்கினா கூப்பிடுவாங்கன்னு நீதானேம்மா சொல்லுவ. ஒருநாள் நீ பிடுங்கினப்போ அவன் கூப்பிட்டான். மறுநாள்லேர்ந்து நான் பிடுங்குறேன்."

"நான்தான் அம்மான்னு அவன்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, நீ எப்படிம்மா இங்க வேலை பாக்குறன்னு கேப்பான். நான் என்ன பதில் சொல்றது?"

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நாளைக்கு லைனை வெட்டச் சொல்லிட்டாங்கக்கா. வெட்டிட்டா அவன் பாதியிலயே நின்னுடுவான்."

"ஏத்தி முடிச்சுட்டா கூப்பிட மாட்டானே."

"மாட்டான். ஆனா தினமும் அவனுக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள். இன்னும் சாப்பிடல பாருங்க."

அந்தக் கடைசி வார்த்தை அவளை அடித்துவிட்டது. வெகுநேரம் கேபிள் முனையைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் அவளே செருகினாள்.

பெட்டியில் பழைய கட்டடத்து விளக்கு மினுங்க ஆரம்பித்தது. அறுந்த கேபிளில், ஆளில்லாத அறையிலிருந்து, மூச்சிரைக்க ஓடுகிற மாதிரி மினுங்கியது. அவள் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். எழுந்துவிடாமல் இருக்கத்தான். ஒருமுறை எழப் பார்த்தாள், நான் தோளில் கை வைத்தேன். அவள் உடம்பு அனலாகக் கொதித்தது.

மினுங்கல் நின்றது. பலகை கிர்ரென்றது.

"மேடம்! ஏறிடுச்சு மேடம்! முழுசா ஏறிடுச்சு!"

"ரொம்ப சந்தோஷம் சார்." அலுவலகக் குரல் லேசாகப் பிசிறியது.

"ஒரு வெளி லைன் குடுங்க மேடம். வீட்டுக்குப் பேசணும். அம்மா போன் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க."

அவன் எண்ணைச் சொன்னான். அவள் குறித்துக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு, மறுமுனையில் மணி அடிக்கிற நேரம் அளவுக்கு உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினாள்.

"சொல்லுப்பா."

"அம்மா! முடிச்சுட்டேன்மா. பசிக்குது. கிளம்பி வரட்டுமா?"

"வாப்பா," என்றாள். "மழை விட்டுடுச்சு. பாத்து வா."

பெட்டியில் அந்த விளக்கு அணைந்தது. ஸ்பீக்கரில் மழைச் சத்தமும் நின்றது. அவள் காதிலிருந்து கருவியைக் கழற்றவே இல்லை. நான் எழுந்து போய், அறைக் கதவை அகலத் திறந்து வைத்தேன்.