பள்ளிவாசலில் ஒரு பல்லவி

1975 ஜனவரியில் பள்ளிவாசல் என்ற மலையூரின் கோயில் திருவிழாவுக்கு வயலின் வாசிக்க பாகீரதிக்கு அழைப்பு வந்தது. பாடுகிறவர் பஞ்சாபகேச பாகவதர் என்றதும் போக வேண்டாம் என்று நினைத்தாள். முந்தைய மாதம்தான் அவர் ஒரு வயலின்காரரை மேடையிலேயே அழவைத்திருந்தார். பாகீரதிக்குப் பத்தொன்பது வயது. சங்கீதப் படிப்பு முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவளைக் கேட்காமலே அப்பா சிவராமகிருஷ்ணன் சம்மதம் எழுதிப் போட்டுவிட்டார்.

அப்பாவோடு மலையேறும் ஜீப்பில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். மேடையில் உட்கார்ந்ததும் குளிரில் இடது கை விரல்கள் விறைத்துப்போயின. மிருதங்கக்காரர் இன்னாசிராஜ் தன் டீ கிளாசை நீட்டினார்.

"கையில பிடிச்சுக்கங்கம்மா. சூடு ஏறட்டும்."

முதல் ஒரு மணி நேரம் எப்படியோ தப்பித்தாள். பிறகு பாகவதர் பல்லவியை எடுத்தார். வயலின்காரர் பார்த்து வாசிக்க வேண்டிய தாளக் கையை அங்கவஸ்திரத்துக்குள் மறைத்துக்கொண்டார். அவள் வாசித்தாள், பல்லவி தொடங்க வேண்டிய இடம் தப்பியது. மறுபடியும் தப்பியது. அவர் மைக்கிலேயே சிரித்தார்.

"என்ன குழந்தே, ஆத்துக்கு வழி தெரியலையா?"

கூட்டமும் சிரித்தது. இனி யாரும் தன்னைக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தாள். வில்லை மடியில் வைத்துவிட்டு, எல்லோரும் பார்க்க, தொடையில் தாளம் போடத் தொடங்கினாள். ஒவ்வொரு தாளச் சுற்றின் தொடக்கத்திலும் இன்னாசிராஜ் மிருதங்கத்தில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பாகவதர் அவரை முறைத்தார். நான்காம் சுற்றில் அவளுக்குப் பிடிபட்டது. வில்லை எடுத்தாள். பல்லவி சரியான இடத்தில் வந்து உட்கார்ந்தது.

கச்சேரி முடிந்ததும் பாகவதர் அப்பாவிடம் சொன்னார். "அடுத்த மாசம் திருச்சூர்ல கச்சேரி. இவளே வாசிக்கட்டும்."

"வருவா," என்றார் அப்பா.

"நான் வரலை," என்றாள் பாகீரதி. "இப்படிப் பயந்துண்டு என்னால வாசிக்க முடியாது."

திரும்பும் பஸ்ஸில் அப்பா அவளை விட்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். கல்பாத்தி வீட்டுக்கு மூன்று மாதம் கச்சேரிக்கு அழைத்து ஒரு கடிதமும் வரவில்லை. தபால்காரர் நிற்காமல் போகும்போதெல்லாம், கிடைத்ததைக் கெடுத்துக்கொண்டோமோ என்று நினைப்பாள். தினசரி வயலின் சாதகத்தை மட்டும் அவள் விடவில்லை.

ஏப்ரலில் பீர்மேட்டிலிருந்து கச்சேரிக்கு அழைத்து ஒரு கார்டு வந்தது. இன்னாசிராஜ் அவள் பெயரைச் சொல்லியிருந்தார். பாடப்போகிறவள் ஞானம், அவளுக்கும் ஏறக்குறைய இவள் வயதுதான். கச்சேரியன்று மேடைக்குப் பின்னால் ஞானம் அவள் கையைப் பிடித்தாள். ஞானத்தின் கை சில்லிட்டிருந்தது.

"நோக்கும் பயமா?" என்றாள் பாகீரதி.

"ரொம்ப."

"நேக்கும்தான். வா, போலாம்."

இருவரும் மேடையேறினார்கள்.