வேலி விளக்குக்கு ஒரு பிரேக்கர்

மலாயா அவசரகாலத்தில் செலண்டார் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் தொழிலாளர் லயன்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, வேலி நெடுக விளக்கு மாட்டியிருந்தார்கள். போன வாரம் கம்பி ஒன்று அறுந்து மண்ணில் விழுந்தது. கரண்டை வெட்ட வேண்டிய பிரேக்கர் வெட்டாமல் கருகிவிட்டது. வேலி இருண்டது. காட்டுக்காரர்களுக்கு, அதாவது காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்ட்டுகளுக்கு, உதவினான் என்று இன்ஜின் ரூம் பிட்டர் கிளீட்டஸைப் போலீஸ் பிடித்துப்போனது. காலையில்தான் விட்டார்கள். இன்று ஆறு மணிக்கு விளக்கு எரியாவிட்டால், எரிந்து மறுபடி அணைந்தாலும், திரும்ப உள்ளே.

கிளீட்டஸ் நேரே மலாக்கா டவுனுக்கு பஸ் ஏறினார். கடைக்காரர் சிவசாமி ஒரு பிரேக்கரை எடுத்து வைத்தார்.

“அறுபது ஆம்ப். நீங்க கேட்டதுதான்.”

கிளீட்டஸ் தகட்டைப் படித்தார். 230/400.

“இது வேணாம் முதலாளி. கருகிப் போனதும் இதேதான்.”

“டவுன்ல எல்லாரும் இதைத்தானே வாங்குறாங்க.”

“டவுன்ல நாலு கம்பி. எங்களுக்கு டெல்டா, மூணே கம்பி, அதுல ஒண்ண மண்ணுல கட்டியிருக்கு. பிரேக்கர்ல கம்பிக்கு ஒரு போல், ஒரு வெட்டு முனை. இன்னொரு கம்பி மண்ணத் தொட்டா ஒரே ஒரு போல் தனியா நானூறு வோல்ட்டையும் வெட்டணும். இதுல ஒரு போலுக்கு இருநூத்தி முப்பதுதான் தாங்கும்.”

“ஆம்ப் சரியாத்தானே இருக்கு.”

“ஆம்ப் சரி. வோல்ட் சரியில்ல.”

“உங்க எஸ்டேட் கரண்டுக்கு ரொம்ப கொழுப்புலா,” என்று சிவசாமி உள்ளே போய் 400 என்று மட்டும் போட்ட ஒன்றைக் கொண்டுவந்தார்.

எஸ்டேட் கேட்டில் அங்கமுத்து காவலில் இருந்தார். ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பால் டின்களில் ஓட்டை போட சுத்தியலும் ஆணியும் வைத்திருந்தார். முழு டின்னாக விட்டால் காட்டுக்குள் போய்விடும் என்று சட்டம்.

“அண்ணே, மூடுன சாமான். ஓட்டை போடணும்.”

“அது பாலுக்கு சொன்னது தம்பி.”

“ஆர்டர்ல பால்னு இல்ல. மூடுன சாமான்னுதான் இருக்கு.”

“ஓட்டை போட்டா இது வெடிக்கும்யா.”

அங்கமுத்து சுத்தியலை வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்தார். அந்த வார்த்தையை எடுத்திருக்கக் கூடாது என்று கிளீட்டஸுக்கு அப்போதுதான் தெரிந்தது.

“கரண்ட் போறப்ப சொல்றேன். இப்ப இது சும்மா கட்டை. நானே தெறந்து காட்டுறேன்.”

கிளீட்டஸ் திருகாணியைக் கழற்றி மூடியை எடுத்தார். அங்கமுத்து எட்டிப் பார்த்தார்.

“மூணு அறை இருக்கே. அரிசி போடலாமே.”

“மூணு போல். போட்டிருக்கா பாரு.”

அங்கமுத்து ஒவ்வோர் அறையிலும் விரலை விட்டுப் பார்த்தார். அரிசி இல்லை. இருந்தாலும் ஆர்டர் ஆர்டர்தான் என்று, பிரேக்கர் வந்த அட்டைப்பெட்டியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டுவிட்டு உள்ளே விட்டார்.

ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. மறுபடி கம்பி விழுந்தால் தாங்குமா என்று கிளீட்டஸ் போன வாரம் அறுந்த கம்பியின் நுனியை மண்ணில் தொடவிட்டுப் பார்த்தார். பிரேக்கர் டக்கென்று வெட்டியது. கருகவில்லை. அடுத்த நிமிடமே திரும்பப் போட்டார். எரிந்தது.

அதற்குள் அங்கமுத்து வேலியிலிருந்து ஓடிவந்துவிட்டார்.

“அண்ணே, அணைச்சீங்களே, அப்படியே விட்டா என்ன? வெளிச்சத்துல காட்டுக்கு நான் ஒருத்தன்தான் தெரியிறேன்.”

“அணைஞ்சா என்னைப் பிடிச்சிட்டுப் போவாங்க தம்பி.”

அங்கமுத்து காட்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

“எரிஞ்சா என்னைச் சுடுவாங்க.”

“நீ மரத்துக்குப் பின்னால நில்லு. நான் எங்க போய் நிக்கிறது?”

அங்கமுத்து மரத்துக்குப் பின்னால் போய் நின்றார்.