தங்கை வீட்டுப் பின்பக்கத்துக் குழாய்கள்

காலையில் மழை விட்டதும் கொத்தனார் சாலைக் கரையின் அடியில் வந்து நின்றார். நேற்றுவரை பலகைபோல் இருந்த சரிவு இன்று வயிறு தள்ளிக்கொண்டிருந்தது. அதுவும் எங்கே? சரியாகத் தங்கை வீட்டுக் கொல்லைக்கு நேரே. காரணம் அவருக்குத் தெரியும், அவருக்கு மட்டும்தான் தெரியும்.

மேலே லாரிகள் ஓடும் நெடுஞ்சாலை, கீழே வரிசையாக வீடுகள். கரைக்குள் ஊறும் தண்ணீர் வெளியேறுவதற்காகச் சரிவு நெடுகத் துளைபோட்ட குழாய்களைப் படுக்கைவாட்டில் செருகியிருந்தார்கள். செருகியவர்களில் அவரும் ஒருவர். உள்ளே தண்ணீர் தேங்கினால் மண் கனத்து, பிடிப்பு விட்டு, ஒருநாள் மொத்தமாகச் சரியும் என்று இன்ஜினியரம்மா அப்போதே சொல்லியிருந்தார். கொத்தனாரும் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் தங்கையின் வாய்க்கு யார் பதில் சொல்வது? மூன்று குழாய்கள் அவள் கொல்லைக்குள்தான் சொட்டின. துணி காயவில்லை, சுவரெல்லாம் பாசி. ஊருக்கெல்லாம் ரோடு போடுகிறாய், கூடப்பிறந்தவள் வீட்டில் குளம் வெட்டுகிறாய் என்று பார்க்கும்போதெல்லாம் குத்திக்காட்டினாள். ஒருநாள் சோறு போட்ட கையோடு அழவும் செய்தாள். அண்ணன் மனசு இளகிவிட்டது. அந்த மூன்று குழாய் வாயிலும் சாக்குத்துணியைத் திணித்து, சிமெண்ட் பூசி, மேலே மண்ணையும் அப்பிவிட்டார். வேலை கச்சிதம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

இப்போது போனை எடுத்து இன்ஜினியரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. சாலையை மறிக்கச் சொல்கிறேன், முதலில் வீடுகளைக் காலி செய்யுங்கள், பிறகு ஒதுங்கி நின்றே குழாயைத் திறங்கள் என்றார். வருகிற தண்ணீர் தெளிந்துகொண்டே போனால் கரை பிழைத்தது. கலங்கலாகவே வந்தால் உள்ளே மண் கரைகிறது, ஓடிவிட வேண்டியதுதான்.

தங்கை பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் வரிசை வீடுகளின் கதவையெல்லாம் தட்டி எல்லோரையும் வெளியேற்றினாள். மகளையும் கைக்குழந்தையையும் தெருமுனைக்கு அனுப்பிவிட்டு வந்தாள்.

"எனக்காகத்தானே அடைச்சே?"

"உனக்காகத்தான். நீ போ."

உளியை வைத்து அடித்தார். சிமெண்ட் பெயர்ந்ததும் சாக்கைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் சீறியது. துணிக்கொடி சாய்ந்தது. செம்மண் நீர் பின்வாசல் வழியாக அடுக்களைக்குள் புகுந்தது. மூன்றையும் திறந்துவிட்டுத் திரும்பினால், முழங்கால் நனைய அவள் அங்கேயே நிற்கிறாள்.

"போன்னு சொன்னேன்ல."

"நீ மட்டும் நின்னா சரியா?"

பயத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து குழாய்க்கு நேரே பிடித்தாள். நிரம்பியதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். அவரும் எட்டிப் பார்த்தார். டம்ளரின் அடி தெரியவில்லை.

கொட்டிவிட்டு, மறுபடி ஏந்தினாள்.