சமண ராஜா சிறையில் போட்ட சமையல்காரன்

நாற்பத்தொரு மணி நேரம், இருபது நிமிடம். பிரென்ட் வீட்டு பேஸ்மென்ட்டில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளாக நாங்கள் மூவரும் கணினியில் ராஜா ஆட்டம் விளையாடிய நேரம் திரையின் மூலையில் தெரிந்தது. ஆட்டத்துக்குள் ஆண்டு 1113. பிரென்ட் தக்காணத்தின் இந்து ராஜா. வெஸ்லி வங்காளத்தின் பௌத்த ராஜா. நான் குஜராத்தின் சமண ராஜா. என் ராஜாவுக்கு ஏழு வயது.

அன்று ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் என் அரண்மனைச் சமையல்காரனைச் சிறையில் போட்டேன்.

காரணமில்லாமல் யாரையாவது சிறையில் போட்டால் எந்த ராஜாவுக்கும் கெட்ட பெயர்தான். சமண ராஜாவுக்கு இரண்டு மடங்கு. என் சிற்றரசர்கள் ஆறு பேரில் நான்கு பேர் உடனே பகையானார்கள்.

பிரென்ட் ஆட்டத்தை நிறுத்தினான்.

"ஏன் அவன உள்ள போட்ட?"

"பிடிக்கல."

"பிடிக்கலயா? ஆறு வாரமா எறும்பக்கூட மிதிக்காத ராஜா நீ. திடீர்னு இன்னிக்கு சமையல்காரன் பிடிக்கலயா?"

நான் சிப்ஸ் பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரென்ட் வெஸ்லி பக்கம் திரும்பினான்.

"சொல்லிட்ட, இல்ல?"

"என்னத்த?"

"நடிக்காதடா. அந்தச் சமையல்காரன் நம்ம ஆளுன்னு உனக்கும் எனக்கும்தான் தெரியும். இன்னிக்குப் பையன் பால்ல விஷம், நாட்டுல ஆளுக்குப் பாதி. சிரிச்சுக்கிட்டேதான சரின்ன?"

"சரின்னேன். வெளிய சொல்லல."

"பௌத்தன்னு உன்ன நம்பினேன் பாரு."

"டேய், ராஜாதான்டா பௌத்தன். நான் லூத்தரன் சர்ச்."

யாரும் சிரிக்கவில்லை.

எங்களுக்குள் இரண்டு விதிகள் உண்டு. புதன்கிழமைதோறும் பிரென்ட், ஆட்டம் நின்ற இடத்தைச் சேமித்த சேவ் ஃபைலை அனுப்புவான். அவரவர் தங்கள் ராஜாவைத் திறந்து திட்டம் போட்டுக்கொள்ளலாம். அடுத்தவர் ராஜாவைத் திறக்கக் கூடாது. இருவர் சேர்ந்து சதி செய்தால் மூன்றாவது ஆளிடம் சொல்லக் கூடாது. எதை மீறினாலும் வெளியே போக வேண்டியதுதான்.

அவர்கள் இருவரும் நான்காம் வகுப்பிலிருந்து ஒன்றாக ஹாக்கி ஆடியவர்கள். மே மாதம் பிரென்டுக்குக் கல்யாணம், வெஸ்லிதான் மாப்பிள்ளைத் தோழன். கோட்டுக்கு அளவுகூடக் கொடுத்தாகிவிட்டது.

வெஸ்லி சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்னை இந்த ஆட்டத்துக்கு அழைத்து வந்தவனே அவன்தான். அவனே என் ராஜாவைக் கொல்லச் சிரித்துக்கொண்டு சம்மதித்திருக்கிறான். இன்னும் கொஞ்சம் திட்டு வாங்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.

"ஜோலீன், இவன் சொன்னானா இல்லயா?" என்றான் பிரென்ட்.

"இல்ல."

"அப்ப யாரு சொன்னா? சமையல்காரனே வந்து கால்ல விழுந்தானா?"

நான் சிப்ஸ் பையின் வாயை மடித்தேன்.

"பாத்தியா, வாயத் தொறக்க மாட்டேங்குறா. உன்னக் காப்பாத்துறா." பிரென்ட் வெஸ்லியின் திரையை அணைத்தான். "எந்திரி. உன் நாற்காலிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

"ஒரு ஆட்டத்துக்காடா?"

"ஆட்டத்துக்கு இல்ல. மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ற பாரு, அதுக்கு. மே மாசம் என் பக்கத்துல நீ நிக்க வேணாம். என் தம்பி நிப்பான்."

வெஸ்லியின் காதுகள் சிவந்தன. அவன் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தான். நாற்காலியை மடக்க இரண்டு முறை முயன்றான். அது மடங்கவில்லை.

"பனி பூட்ஸ நான் போட்டுக்கலாமா? இல்ல அதுவும் உன் தம்பிக்கா?"

"போடா."

படிக்கட்டில் காலை வைத்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"உன் ராஜாவக் கொல்ல ஒத்துக்கிட்டேன், தப்புதான். ஆனா நான் சொல்லலன்னு உனக்குத் தெரியும்ல? அத முழுசாச் சொல்லேன்."

இதுவரை அவன் என்னிடம் எதையும் கேட்டதில்லை. நாற்காலி பாதி மடங்கி அவன் கையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அவன் சொல்லல," என்றேன்.

"அதத்தான் எப்படின்னு கேக்குறேன்," என்றான் பிரென்ட்.

சிப்ஸ் பையைக் கீழே வைத்தேன்.

"புதன்கிழமை சேவ் ஃபைல்ல உன் ராஜாவத் திறந்து பாத்தேன்."