முற்றத்து அறையின் சாவி

அறை காலியாகிறது என்று யார் சொன்னார்கள் இந்தப் பெண்ணிடம்? கட்டிலுக்கடியில் அவனுடைய செருப்பு கிடக்கிறது. கதவுக்குப் பின்னால் அவனுடைய மழைக்கோட்டு தொங்குகிறது. ஒரு மனிதனின் கோட்டு தொங்குகிற அறை எப்படிக் காலியாகும்?

செராஃபினா இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கைபேசியைக் காதோடு வைத்துக்கொண்டு "ம்" என்று மட்டும் சொன்னாள்.

"அத்தை, கேக்குதா? நான் மிரெல்லா. பேக்கரி நிக்கோதேமோ மக. பஸ்ல இருக்கோம், போலோஞா தாண்டியாச்சு. சவேரியோவுக்கு நாளையிலேருந்து மருந்து ஏத்தறாங்க. தங்க எடம் தேடித் தேடி எனக்கு விரலே தேஞ்சுபோச்சு. மிலானோல இந்த வாரம் என்னமோ மேசை நாற்காலிக் கண்காட்சியாமே? நேத்து ஒரு விலை, இன்னிக்கு ஒரு விலை. கட்டுப்படியாகற மாதிரி ஒரே ஒரு எடம் இருந்துச்சு. எட்டுப் பேருக்கு ஒரே ரூமு, அதுலயும் மேல்கட்டில். மருந்து ஏத்திக்கிட்டு வர்ற மனுசன் ஏணியில ஏறணுமான்னு எழுதிக் கேட்டேன். 'உங்கள் விடுமுறை இனிதாக அமையட்டும்'னு பதில் வருது!"

சிரித்தாள். பக்கத்தில் ஓர் ஆண்குரலும் களைத்துச் சிரித்தது.

"மாமாவுக்கு வைத்தியம் முடிஞ்சு ஊருக்குக் கூட்டிட்டு வர்றீங்களாமே. ரோசினா சித்தி கோயில் வாசல்ல வச்சு சொன்னாங்க. அப்பா அன்னிக்குக் கடையில எல்லாருக்கும் பிஸ்கட் குடுத்தாரு. அத்தை, அந்த ராசியான அறைய எங்களுக்கே குடுத்துடுங்க. வேற யாருக்கும் சொல்லிடாதீங்க."

வைத்தியம் முடிந்துவிட்டது. ஊருக்குக் கூட்டி வருகிறேன். கணவனின் தங்கை ரோசினாவிடம் செராஃபினா தொலைபேசியில் சொன்னவை இந்த இரண்டு வாக்கியங்கள்தாம். இரண்டும் உண்மை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதை இதைவிட வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ரோசினா அதைத் தவறாகப் புரிந்துகொண்டாளா, அல்லது புரிந்துகொண்டேதான் கோயில் வாசலில் அப்படிச் சொன்னாளா என்பதும் தெரியவில்லை.

"வாம்மா, பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அவளும் கணவன் கொசிமோவும் முதல் தடவை இந்த நகரத்துக்கு வந்தபோது அண்ணன் மகன் கைபேசியில் பார்த்து ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மலிவான விடுதியைப் பிடித்துக் கொடுத்திருந்தான். படத்தில் பூச்சாடியெல்லாம் இருந்தது. நேரில் நாலு மாடி, மின்தூக்கி கிடையாது. கொசிமோ ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, ஜன்னலில் வேடிக்கை பார்ப்பவன் போல மூச்சு வாங்கினான். மறுநாள் மருத்துவமனையில் காத்திருந்தபோது அவர்கள் பேச்சைக் கேட்டு ஒரு பெண் திரும்பினாள். அவர்களைப் போலத் தெற்கிலிருந்து வந்த குரோத்தோனேக்காரி. "நம்ம பக்கமா? எங்க தங்கியிருக்கீங்க? அங்கெல்லாம் வேணாம், எங்க அறை காலியாகுது, வாங்க" என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். டிராமில் இரண்டே நிறுத்தம். முற்றத்தைச் சுற்றி நீளமான இரும்புக் கிராதி தாழ்வாரங்கள் ஓடும் பழைய வீடு. தரைத்தளத்தில் முற்றத்தைப் பார்த்த அறை. ஏறப் படி கிடையாது. குழம்பு வைத்துக்கொள்ள அடுப்பு உண்டு. வாடகையைக் கேட்டபோது கொசிமோ தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று இன்னொரு முறை கேட்டான்.

இந்த வீட்டைக் கைபேசியில் தேடினால் கிடைக்காது. பெயர்ப்பலகையும் இல்லை. போகிறவர்கள் வருகிறவர்களைச் சொல்லிவிட்டுப் போவார்கள். வீட்டுக்காரி எர்னெஸ்தா ஒரே கேள்விதான் கேட்பாள்: "அடுத்தது யாரு?"

அந்த குரோத்தோனேக்காரி தன் கையால் சாவியை செராஃபினாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினாள். பாதிக் காப்பிப்பொடிப் பாக்கெட்டையும் எண்ணெயில் ஊறிய மிளகாய்ப் புட்டியையும் விட்டுப்போனாள். "ராசியான அறை, உங்களுக்கும் நல்லது நடக்கும்" என்றாள். அப்போது செராஃபினா முகமெல்லாம் மலர, "அப்ப உங்க வீட்டுக்காரருக்குச் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். அந்தப் பெண் "ஊருக்குப் போறோம்" என்றாள்.

அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. அதில் ஒரு ஜோடி ஆண் செருப்பு. பெட்டியில் வைக்காமல் ஏன் கையில் வைத்திருக்கிறாள் என்று செராஃபினா அன்று நினைத்தாள். நினைத்ததோடு சரி.

முதல் வேலையாகக் கட்டிலைத் திருப்பினார்கள். எர்னெஸ்தா அதை எப்போதும் கதவைப் பார்த்துத்தான் போட்டிருப்பாள், பெருக்க வசதி என்று. அவர்கள் ஊர்ப் பக்கத்தில் இறந்தவர்களைத்தான் கால் வாசலைப் பார்க்கக் கிடத்துவது. கட்டிலைத் தள்ளியபோதுதான் மரத்தரையில் பழைய கீறல்களைப் பார்த்தார்கள். ஒரே இடத்திலிருந்து கிளம்பி ஒரே பக்கமாக வளைந்த கீறல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. "பாத்தியா, எல்லாம் நம்மாளுங்கதான்" என்று கொசிமோ சிரித்தான். அவளுக்கும் அன்று அந்தக் கீறல்கள் தைரியமாக இருந்தன. இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எல்லோரும் எங்கே போனார்கள் என்று தோன்றவில்லை.

கைபேசியை மேசையில் வைத்துவிட்டு அவள் தாழ்வாரத்துக்கு வந்தபோது எர்னெஸ்தா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எண்பதை நெருங்கும் கிழவி, குரல் மட்டும் குறையவில்லை.

"மேசை நாற்காலிக்காரன் ஒருத்தன் வந்தான். கழுத்து வரைக்கும் பட்டன். நாலு மடங்கு தர்றேங்கறான். 'இந்த வீடு ரொம்ப உண்மையா இருக்கு'ங்கறான். உண்மையா இருக்கறது ஒழுகற குழாய்தான் ராசான்னு சொல்லி அனுப்பிட்டேன்."

செராஃபினா சிரிக்க முயன்றாள்.

எர்னெஸ்தா ஒரு தலையணை உறையை உதறி, அதன் பின்னால் முகம் மறைய நின்றபடி கேட்டாள்: "அடுத்தது யாரு?"

"இன்னும் ஊருக்குப் போகலையே, சிஞ்ஞோரா."

"வெள்ளிக்கிழமை வண்டி வருதுன்னு நீதான சொன்ன? அவன் ஆஸ்பத்திரியில, நீ அவன் பக்கத்து நாற்காலியில. இங்க யாரு தூங்கறா? உன்னைத் தொரத்தல. என் சமையல்கட்டு சோபாவுல படுத்துக்க, யாரு வேணாங்கறா. ஆனா பூட்டிவச்ச அறையால யாருக்கு என்ன லாபம்? உங்காளுங்க இந்த வாரம் ரயில் நிலையத்துல படுத்துக் கெடக்காங்க."

எல்லாம் அவளுக்குத் தெரியும். அந்த அறையில் அவள் தூங்கி எத்தனையோ நாளாயிற்று. ஆனாலும் தினமும் மதியம் வந்து ஜன்னலைத் திறக்கிறாள், அவன் பக்கத்துப் போர்வையை இழுத்து விடுகிறாள். அறை அவர்களுடையதாக இருக்கும்வரை அவன் திரும்பி வந்து படுப்பதற்கு இந்த ஊரில் ஓர் இடம் இருக்கிறது. அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. டாக்டரிடம் அவள் அழவில்லை. ரோசினாவிடம் அழவில்லை. அறையை விட்டுக்கொடு என்று கேட்டால் மட்டும் கை பைக்குள் சாவியைத் தேடிப் போகிறது. இது துக்கமா, வெறும் பிடிவாதமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்" என்றாள்.

மருத்துவமனையில் கொசிமோ விழித்திருந்தான். கன்னங்கள் ஒட்டிப்போய், காதுகள் பெரிதாகத் தெரிந்தன. மிரெல்லா கூப்பிட்டதைச் சொன்னாள்.

"நிக்கோதேமோ மகளா? எதுத்தாப்ல வர்ற வண்டிக்கெல்லாம் நாக்க நீட்டும் அந்தக் குட்டி. எங்கிட்ட பெட்ரோல் போட வர்றப்பெல்லாம் ஒரே ரகளை." மூச்சு வாங்கினான். "குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"உன்னோட கோட்டு தொங்குது."

"கோட்டுக்கா வாடகை கட்டற?"

அவள் அவன் விரல்நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"செராஃபி, அந்தப் புள்ளைக்குக் குடுத்துடு. சும்மா குடுக்காத, நல்ல வார்த்தை சொல்லிக் குடு. ராசியான அறைதான்னு சொல்லு. எங்களுக்குச் சரியாயிடுச்சுன்னு சொல்லு."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"பங்க்ல முப்பது வருசம் ஒவ்வொருத்தன்கிட்டயும் 'பத்திரமாப் போய்ட்டு வாங்க'ன்னு சொல்லியிருக்கேன். அத்தனை பேருமா பத்திரமாப் போனாங்க? அதுக்காகச் சொல்லாம இருக்க முடியுமா?"

அவன் சொல்வது சரி என்று பட்டது. ஆனால் அவன் அந்த அறையை நம்பியதில்லை, அவள்தான் நம்பினாள். முதல் மருந்துக்குக் கட்டி சுருங்கியபோது அவள் டாக்டருக்கு நன்றி சொல்லவில்லை, அறைக்குள் வந்து சுவரைத் தொட்டாள். ஒவ்வொரு தடவையும் ஊரிலிருந்து திரும்பியதும் முதலில் சாவியை முத்தமிட்டுவிட்டுத்தான் பூட்டைத் திறந்தாள். எல்லாம் அந்தப் பெண்ணின் ஒரு வாக்கியத்தால். டாக்டர் கையை விரித்த அன்று, பெயர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணின்மேல் வந்த கோபம் வேறு யார்மேலும் வரவில்லை. தன் புருஷனுடைய செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எப்படி அவளால் அதைச் சொல்ல முடிந்தது? ஆனால் அந்த வாக்கியம் இல்லாமல் இரண்டு வருடம் தன்னால் டிராமில் ஏறி இறங்கியிருக்க முடியுமா என்றும் கேட்டுக்கொண்டாள். முடியாது. அதனால் கோபம் குறைந்துவிடவில்லை.

"குடுத்துடுவ இல்ல?" என்றான் கொசிமோ.

"குடுத்துடறேன்."

"நல்ல வார்த்தையோட?"

அவள் நகவெட்டியைத் தேடுவதுபோல் பைக்குள் கையை விட்டாள்.

வீட்டுக்குத் திரும்பியபோது முற்றத்தில் ஒரு பெட்டியும் கயிறு கட்டிய அட்டைப்பெட்டியும் இருந்தன. பெட்டியின்மேல் சவேரியோ உட்கார்ந்திருந்தான். நல்ல உயரமான பையன். சட்டை மட்டும் பழைய உடம்புக்குத் தைத்தது. எழுந்து நிற்க முயன்றான். அவள் கையமர்த்தினாள். மிரெல்லா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் கூந்தலில் இரவு முழுதும் பஸ்ஸில் வந்த வாசனை.

"கொஞ்சம் இரும்மா, உள்ள எடுத்து வச்சிட்டு வந்துடறேன்."

கதவைத் திறந்ததும் நின்றுவிட்டாள். எர்னெஸ்தா பெருக்கித் துடைத்துவிட்டிருந்தாள். புது விரிப்பு. கட்டில் பழையபடி கதவைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கொசிமோவின் செருப்பை ஜோடியாகச் சுவரோரம் வைத்திருந்தாள். கிழவி கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யார் போனாலும் இதைத்தான் செய்வாள். ஆனாலும் செராஃபினாவுக்கு அந்த வெள்ளை விரிப்பின் நுனி தன்னை நோக்கி நீண்டிருப்பதைப் பார்த்தபோதுதான், டாக்டர் சொன்னபோது கேட்காத சொல் காதில் விழுந்தது.

கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலைத் தனியாகத் தள்ளினாள். இரும்புக்கால் பழைய கீறல் வழியே அலறிக்கொண்டு போனது.

"மறுபடி என் தரைய உழுறீங்களா?" என்று வெளியே எர்னெஸ்தா கத்தினாள்.

கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். செருப்பு பெட்டிக்குள் கொள்ளும். இடம் இருக்கத்தான் செய்தது. கையில் எடுத்தவள், அதைக் கோட்டின்மேல் வைக்க முடியாமல் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு கதவைத் திறந்தாள். மிரெல்லா உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள்.

"ஏற்கனவே திருப்பிட்டீங்களா! நான் அதத்தான் கவலப்பட்டுட்டு வந்தேன். சவேரியோ, வந்து பாரு, படியே இல்ல!" அவள் கண்கள் கலங்கின. "மேல்கட்டில்ல ஏத்திவிட்டிருப்பேனே அத்தை இவர. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"காப்பிப்பொடி டப்பாவுல இருக்கு. குழாயை இடதுபக்கம் திருப்பினாதான் சுடுதண்ணி. மருந்து ஏத்தின அன்னிக்கு மீன் வேணாம், வாசனை ஒத்துக்காது. வெறும் சோறு குடு. டிராம் நெரிசல்னா அடுத்ததுல போங்க, அவசரப்படாதீங்க." தெரிந்த எல்லாவற்றையும் சொன்னாள். கொடுக்கக்கூடியவை இவைதான் என்பதுபோல ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"சரி அத்தை, சரி." மிரெல்லா வலது கையை நீட்டினாள். உள்ளங்கை வியர்த்திருந்தது. "சாவிய உங்க கையால குடுங்க. மாமாவுக்குக் கெடைச்சது எங்களுக்கும் கெடைக்கும்னு ஒரு வார்த்தை சொல்லிக் குடுங்க."

வாசலில் சவேரியோ நிலையைப் பிடித்துக்கொண்டு, வெட்கப்பட்டவன் போலச் சிரித்தபடி காத்திருந்தான்.

செராஃபினா அந்தக் கையைப் பார்த்தாள். இளம் கை, மாவு பிசைந்து பழகிய கை. தன் விரல்கள் பைக்குள் சாவியை இறுகப் பிடித்திருந்தன. இவளுக்கு எல்லாம் இனிமேல்தான், இவளுடைய ஆளின் செருப்பு இன்றிரவு அந்தக் கட்டிலுக்கடியில் கிடக்கும் என்ற எரிச்சல் ஒரு கணம் வந்துபோனது. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. ஆனால் தன்னைத் தடுப்பது அது அல்ல, குரோத்தோனேக்காரி சாவியோடு சேர்த்து வைத்துப்போன அந்த வாக்கியம் என்று தெரிந்தது.

சாவியை எடுத்து ஜன்னல் விளிம்பில், மிளகாய்ப் புட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அங்க இருக்கு. எடுத்துக்கம்மா."

மிரெல்லாவின் கை நீட்டியபடியே நின்றது. "ஒரு தடவை உங்க கையால, அத்தை."

"இல்லம்மா" என்றாள் செராஃபினா, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு. "என் கையால வேணாம்."