பக்கத்து இருக்கைப் பழக்கம்

மாஸ்டரின் வழுக்கைத் தலையில் ஏசிக் காற்று நேராக வந்து மோதியது. நடந்த அத்தனைக்கும் ஆரம்பம் அவ்வளவுதான்.

பழைய வண்டியாக இருந்தால் காற்று வரும் தகட்டை விரலால் ஒரு தள்ளு தள்ளியிருப்பார். கண் ரோட்டில் இருக்கும், கை தன் வேலையை முடித்துவிடும். இது டிரைவிங் ஸ்கூல் முதலாளி புதிதாக வாங்கி நிறுத்திய வண்டி. இதில் தள்ளவும் எதுவும் கிடையாது, திருகவும் எதுவும் கிடையாது. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு டச் ஸ்கிரீன். காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும் என்பதைக்கூட அதில் ஒரு படத்தைத் தடவித்தான் சொல்ல வேண்டும். மாஸ்டர் தடவினார். பாட்டு வந்தது. மறுபடி தடவினார். இருக்கையைச் சூடாக்கட்டுமா என்று பணிவாகக் கேட்டது.

"என்னை வறுத்தெடுக்காம விடமாட்டே போல" என்று அதனிடம் சொல்லிக்கொண்டே, குனிந்து அடுத்த பக்கத்தைத் தேடினார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பிரேக்கை மிதித்து, இறங்கி ஓடிப் பார்த்தால், சாலையைக் கடக்கப் போட்ட வெள்ளைக் கோடுகளுக்குச் சற்றுத் தள்ளி சலூன்காரர் கிடந்தார். எதிர்க்கடையில் டீ வாங்கக் கொண்டுவந்த பிளாஸ்க் உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்ல மாஸ்டர், ஒண்ணுமில்ல" என்றார் சலூன்காரர். பிறகு மயங்கிவிட்டார்.

வேறு யாராவதாக இருந்திருந்தால் துக்கம் குறைந்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் மாஸ்டரின் தலையில் வெட்டுவதற்கு எதுவும் இல்லாமல் போன பிறகும், ஞாயிறு தவறாமல் அவர் சலூனுக்குப் போய்க்கொண்டிருந்தது அந்த மனிதருக்காகத்தான். "வாங்க மாஸ்டர், தூசி தட்டி விடவா?" என்பார் சலூன்காரர். "பார்த்துத் தட்டுய்யா, பாலிஷ் போயிடப் போகுது" என்பார் இவர். இதே ஜோக்குக்கு வருஷக்கணக்காக இருவரும் சிரித்தார்கள்.

ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் மாஸ்டர். "ரோட்டைப் பாரு!" என்று அவர் போடும் சத்தத்தில் போகிற வருகிறவர்கள்கூட ரோட்டைப் பார்ப்பார்கள். ஆனால் கற்றுக்கொடுப்பவர் உட்காருவது பக்கத்து இருக்கை. ஸ்டியரிங்கில் பயந்து நடுங்கும் பிள்ளை கண்கொட்டாமல் ரோட்டைப் பார்க்கும். காற்றைக் கூட்டுவது, பாட்டைக் குறைப்பது எல்லாம் மாஸ்டரின் கைவேலை. அன்று வண்டியை ஷெட்டில் விடத் தனியாக ஓட்டி வந்தவருக்கு, ரோட்டைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இல்லை என்பது உறைக்கவில்லை. மனிதர் இடம் மாறி உட்கார்ந்திருந்தார், பழக்கம் பழைய இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தது.

போலீஸ் கேட்டபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே சலூன்காரர் சொல்லிவிட்டார்: "தப்பு என் மேலதான் சார். கோட்டை விட்டுட்டு, பராக்கு பார்த்துக்கிட்டே குறுக்க வந்துட்டேன்." கேஸ் அதோடு முடிந்தது. மாஸ்டருக்குத்தான் முடியவில்லை. 'நான் பார்த்திருந்தால் நிறுத்தியிருக்க முடியுமா?' இந்த ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் போனார்.

"அவரே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன சார்?" என்றார் போலீஸ்காரர்.

"அந்த ஸ்கிரீனைக் கண்டுபிடிச்சவனைத்தான் உள்ள போடணும் மாஸ்டர், நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார் முதலாளி.

"நமக்கு நேரம் சரியில்லீங்க. முதல்ல சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள், ஒருவரும் பதில் சொல்லவில்லை. கடைசியில் மாஸ்டரும் சலூன்காரர் சொன்ன கதையையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். திரும்பத் திரும்பச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு நப்பாசை. சலூனுக்குப் போகும்போதெல்லாம், "என்னய்யா, இன்னைக்கு யார் வண்டிக்குக் குறுக்க விழலாம்னு இருக்கே?" என்று ஆரம்பிப்பார். சலூன்காரர் உதட்டை மட்டும் அசைத்துச் சிரிப்பார்.

அவரால் அவ்வளவுதான் முடிந்தது. இடுப்பு எலும்பும் தொடை எலும்பும் கூடிவந்தன, நேராகக் கூடவில்லை. முடிவெட்டு என்பது ஒரு தலையைச் சுற்றிச் சுற்றி வரும் வேலை. கைத்தடி ஊன்றியவர் எங்கே சுற்றுவது? சக்கரம் வைத்த முக்காலியில் உட்கார்ந்து வெட்டிப் பார்த்தார். அது பாதியில் உருண்டுவிட்டது. வாடிக்கையாளரின் காது தப்பியது, வாடிக்கை தப்பவில்லை. இப்போது கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் நாற்காலியில் கண்ணாடியைப் பார்த்தபடி அவரே உட்கார்ந்திருக்கிறார். கத்தரிக்கோல்களை மட்டும் தினமும் துடைத்து வைக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் போனபோது, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் சலூன்காரரின் மகளும் அங்கே இருந்தாள்.

"மாமா, எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுங்க. சித்தப்பா அவர் பழைய காரைத் தரேன்னு சொல்லியிருக்காரு. அப்பாவைக் கால் எக்சர்சைஸுக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக தினமும் வண்டிக்காரங்களைக் கெஞ்ச முடியல."

மாஸ்டருக்கு மனசு பொங்கிவிட்டது. இந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய ஒரு வழி கிடைத்துவிட்டது! "நாளைக்கே வாம்மா! கிளட்ச், பிரேக்கெல்லாம் ஒரு விஷயமே இல்ல. உங்கப்பா மாதிரி பராக்கு பார்த்துக்கிட்டுக் குறுக்க வர்ற ஆளுங்களை எப்படிச் சமாளிக்கறதுன்னு கத்துக்கிட்டாப் போதும்!"

அவர் மட்டும்தான் சிரித்தார். கண்ணாடிக்குள் இருந்த சலூன்காரரின் உதடுகூட அசையவில்லை.

"அந்த ஜோக் போதும் மாஸ்டர்."

மகள் மெல்ல வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"நீயும் இரும்மா. கத்துக்கப் போறவ நீதானே" என்றவர் கண்ணாடி வழியாகவே மாஸ்டரைப் பார்த்தார். "நான் குறுக்க வரல. பராக்கும் பார்க்கல. கோட்டு மேலதான் நடந்தேன், கையும் காட்டினேன். தூக்கி எறிஞ்சதுலதான் தள்ளிப் போய் விழுந்தேன். போலீஸ்ல அப்படிச் சொன்னது உங்க வேலை போயிடக் கூடாதுன்னு."

மாஸ்டர் நாற்காலிப் பக்கம் வந்தார்.

"வேற எவன் வண்டியா இருந்தாலும் நின்னிருப்பேன். உங்க ஸ்கூல் வண்டி, உள்ள நீங்க. மாஸ்டர்தானே, நிறுத்துவாருன்னு நம்பிக் காலை வெச்சேன். பக்கத்துல வந்தப்போ உங்க முகம் தெரியல மாஸ்டர், தலைதான் தெரிஞ்சுது. குனிஞ்சிருந்தீங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மாஸ்டர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்திருந்தா... நிறுத்தியிருக்க முடியுமாய்யா?"

"நிறுத்தியிருக்கலாம். தாராளமா நிறுத்தியிருக்கலாம்." சலூன்காரரின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "அந்த ஸ்கிரீன் மோசம்தான், ஒத்துக்கறேன். கையால தடவித் தெரிஞ்சுக்கற மாதிரி ஒரு திருகு வெச்சிருக்கலாம். ஆனா அது உங்களைக் குனியச் சொல்லல. காத்தோ பாட்டோ, எதை மாத்தணும்னாலும் வண்டிய ஓரமா நிறுத்திட்டு மாத்தணும் மாஸ்டர். ஓடுற வண்டியில கண்ணை எடுத்தா, அந்த நேரத்துக்கு வண்டிய யாருமே ஓட்டல. எதிர்ல நிக்கறவனுக்கு அது தெரியாது, அவன் உங்களை நம்பிக் காலை வெச்சிருப்பான். இதை இவளுக்கு முதல் பாடமா, என் காலைக் காட்டியே சொல்லிக்கொடுங்க. முடியும்னா நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்."