நாற்பது நாள் பால்

தோர்பெகையின் மகன் பர்யாலை தன் வீட்டில் இரண்டு வாய் கொறித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவான். குலந்தாம் ஆவியில் வேகவைத்து இறக்கும் மந்து என்ற கறிக் கொழுக்கட்டையைத் தட்டுத் தட்டாக விழுங்குவான். அதைப் பார்க்கும்போதெல்லாம் தோர்பெகைக்கு வயிறு எரியும். பெற்றவள் இங்கே கல்லாட்டம் இருக்க, பிள்ளைக்கு ருசி மட்டும் அங்கேயாம்!

இத்தனைக்கும் அவளும் குலந்தாமும் இருபத்து மூன்று வருடச் சிநேகிதிகள். காபூலில் ராக்கெட் விழுந்த நாட்களில் ஒரே போர்வைக்குள் பதுங்கிக் கிடந்தவர்கள். இரண்டு முற்றத்துக்கும் நடுவே சுவரை இடித்துச் சின்னக் கதவு வைத்ததே தோர்பெகைதான். ஆனால் அவள் பஷ்தூன் இனம், குலந்தாம் பஷ்தூன்கள் தாழ்வாகப் பார்க்கும் ஹசாரா இனம். சொந்தக்காரர்கள் விருந்துக்கு வரும் நாளில் தோர்பெகை அந்தக் கதவைத் தாழிட்டுவிடுவாள். குலந்தாமும் ஏன் என்று கேட்டதில்லை.

இருவருக்கும் நடுவே ஒரு ரகசியம் இருந்தது. பர்யாலை பிறந்த பத்தாம் நாள் தோர்பெகை டைபாய்டில் விழுந்தாள், பால் வற்றிப்போயிற்று. கணவர் காந்தகாரில், மாமியார் ஜலாலாபாத்தில். குலந்தாம்தான் தன் கைக்குழந்தை ஷுக்ரியாவோடு இவனையும் மடியில் போட்டு நாற்பது நாள் பால் கொடுத்தாள். எழுந்து உட்கார முடிந்ததும் தோர்பெகை செய்த முதல் காரியம், யாரிடமும் சொல்லக்கூடாது என்று குலந்தாமைக் குர்ஆன் மேல் சத்தியம் செய்ய வைத்தது. ஹசாராக்காரி தொட்ட குவளையை மூன்று தடவை கழுவுகிற மாமியார், பேரன் குடித்த பாலைப் பற்றிக் கேட்டால் சும்மா இருப்பாரா?

மாமியார் போய்ச் சேர்ந்தார். கணவரும் போய்ச் சேர்ந்தார். சத்தியத்திலிருந்து மட்டும் குலந்தாமைத் தோர்பெகை விடுவிக்கவில்லை. நாற்பத்தோராம் நாள் பிள்ளையைக் கையில் வாங்கியபோது அவன் வீறிட்டு அழுது குலந்தாம் பக்கமே திரும்பினான். அதைத் தோர்பெகை இன்றுவரை மன்னிக்கவில்லை. யாரை மன்னிக்கவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

ஒருத்தியிடம் பால் குடித்த பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள். அவர்களுக்குள் கல்யாணம் பெரும்பாவம். காபூலில் இது தெரியாதவர் கிடையாது. அப்படியிருக்க, ஒருநாள் காலை பர்யாலை வந்து நின்றான்.

"அம்மா, ஷுக்ரியாவை எனக்குப் பொண்ணு கேட்டுப் போங்க."

தோர்பெகை மாவு பிசைந்துகொண்டிருந்தாள். உண்மை தொண்டை வரை வந்தது. வாயிலிருந்து வந்ததோ வேறு.

"ஹசாராப் பொண்ணா? பஷ்தூன் பொண்ணுங்களுக்கு இந்த ஊர்ல பஞ்சமா வந்துடுச்சு? எனக்கு மூக்குச் சப்பையாப் பேரப்பிள்ளைங்க வேண்டாம்டா!"

"ரெண்டு வீட்டுக்கும் கதவு வச்சது நீங்கதானேம்மா?"

"கதவு வச்சது உப்பு, எண்ணெய் வாங்க. மருமக எடுக்க இல்ல!"

இனம் பார்க்கிறவள் என்று மகன் நினைத்தால் நினைக்கட்டும். அது ஊரில் பாதிப் பேருக்கு உள்ள வியாதி. குலந்தாம் உனக்கு இன்னொரு தாய் என்று சொல்வதற்கு இது எவ்வளவோ மேல் என்று அவளுக்குப் பட்டது.

அவன் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு தானே பெண் கேட்கப் போனான். சம்மதம் என்றால் பெண் வீட்டார் மிட்டாய்த் தட்டு கொடுப்பார்கள். தட்டு வரவில்லை, சத்தம்தான் வந்தது. தோர்பெகை சின்னக் கதவில் காதை வைத்தாள். குலந்தாமைச் சித்தி என்றே கூப்பிடும் பர்யாலைதான் அவளிடம் கத்திக்கொண்டிருந்தான்.

"முடியாதுன்னா ஏன்னு சொல்லணும்ல சித்தி? பஷ்தூன்காரன் சாப்பிட வரலாம், மாப்பிள்ளையா வரக்கூடாது, அப்படித்தானே? நீங்களும் எங்கம்மாவும் ஒண்ணுதான். இத்தனை வருஷமா என்கிட்ட நடிச்சிருக்கீங்க!"

இதோ சொல்லிவிடப் போகிறாள் என்று தோர்பெகை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். குலந்தாம் சொல்லவில்லை. "கோபத்துல வண்டி ஓட்டாதே, பார்த்துப் போ" என்றாள், அவ்வளவுதான். குற்ற உணர்வு தோர்பெகையின் நெஞ்சைக் குத்தியது உண்மை. அதைவிட அதிகமாகக் குத்தியது பொறாமை. செய்யாத தப்புக்குத் திட்டு வாங்கியும் பெரிய மனுஷியாக நிற்க இவளால் மட்டும் எப்படி முடிகிறது?

இரண்டு நாள் கழித்துக் குலந்தாம் வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"பர்யாலை அம்மா, ரெண்டும் வெள்ளிக்கிழமை பெஷாவர் போய் நிக்காஹ் பண்ணிக்கப் போகுதுங்க. என் மக துணிமணியெல்லாம் எடுத்து வச்சுட்டா."

"நீயே சொல்லித் தொலையேன்!"

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்க சொல்லலேன்னா நான் சொல்லத்தான் போறேன். சத்தியத்தை மீறின பாவம் என்னோட போகட்டும். ஆனா உங்க வாயால கேட்டா அவன் உங்களை மன்னிப்பான். என் வாயால கேட்டா மன்னிக்க மாட்டான். அதுக்காகத்தான் ஓடி வந்தேன்."

இப்போதும் எனக்காகவே யோசிக்கிறாள். தோர்பெகைக்கு அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, அறையவும் தோன்றியது.

சாயங்காலம் குலந்தாமின் முற்றத்தில் பிள்ளைகள் இருவரையும் எதிரே வைத்துக்கொண்டு, தோர்பெகை தலை நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். காய்ச்சல், நாற்பது நாள், சத்தியம்.

ஷுக்ரியாதான் முதலில் பேசினாள்.

"கூடப் பிறந்தவனா நினைச்சுக்கோன்னு எங்கம்மா நூறு தடவை சொல்லியிருக்காங்க. உங்களுக்குப் பயந்துக்கிட்டுச் சொல்றாங்கன்னு நினைச்சேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு இந்த ஆசையே வந்திருக்காதே, பெரியம்மா! எனக்குண்டான பால் மட்டும் உங்க பிள்ளைக்கு வேண்டியிருந்துச்சு, கொடுத்த எங்கம்மா பேர் வேண்டாமா?"

பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பர்யாலை போய்க் குலந்தாமின் முன்னால் மண்டியிட்டு அவள் கையை முத்தமிட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டான்.

"அன்னைக்கு எப்படியெல்லாம் பேசிட்டேன், அம்மா."

அம்மா. எந்தச் சொல்லை இன்னொருத்தியைப் பார்த்து அவன் வாயில் வரவிடாமல் தோர்பெகை இத்தனை வருடம் காத்தாளோ, அதை அவள் காது கேட்கவே சொல்லிவிட்டான்.

குலந்தாம் அவன் தலையைக் கோதினாள். "என்கிட்ட என்னடா மன்னிப்பு. அங்க நிக்கிறாங்க பாரு உன்னைப் பெத்தவங்க. உயிருக்குப் போராடி எழுந்தவங்க. போ, அவங்க கையைப் பிடி."

அவன் எழுந்து வந்தான். தாயின் கையை எடுத்து முத்தமிட்டான், முகத்தைப் பார்க்காமல். குலந்தாம் சொல்லியிராவிட்டால் வந்திருக்க மாட்டான் என்பது தோர்பெகைக்கு நன்றாகவே தெரிந்தது. கையை உதறிவிடலாம் போலிருந்தது. குலந்தாம் பார்த்துக்கொண்டிருந்ததால் உதறவில்லை.